பற்றுப் புத்தகம் முதல் பரிசு அட்டை வரை: பணத்துக்குப் பதிலாக வந்தவை



2025 ஆகஸ்டு 31 முதல் 18 வயதும் அதற்கு மேலும் ஆன மலேசியக் குடிமக்கள் ஒவ்வொருவரின் மைகார்டிலும் அரசாங்கம் 100 ரிங்கிட் சேர்த்தது உங்களுக்கு நினைவிருக்கும். சாரா உதவி என்று எல்லாரும் சொன்னோம். அந்த நாள்களில் எங்கள் படிவம் ஆறு மாணவி ஒருவர் வகுப்பு முடிந்து வந்து கேட்டார்: "டீச்சர், என் பேர்ல நூறு வெள்ளி இருக்குன்னு சொல்றாங்க. அரிசி வாங்கலாம், சோப்பு வாங்கலாம். ஆனா பஸ்ஸுக்குக் குடுக்க முடியல, ரொக்கமாவும் எடுக்க முடியல. அப்படின்னா அது என் பணமா, இல்லையா?"

நல்ல கேள்வி. உடனே பதில் சொல்ல எனக்கு வரவில்லை. யோசித்துப் பார்த்தபோது, இந்தக் கேள்வியை நம்முடைய பாட்டன் பூட்டன்களும் வேறு விதத்தில் கேட்டிருக்கிறார்கள் என்று தோன்றியது. அவர்கள் கையில் இருந்தது மைகார்டு இல்லை, தோட்டக் கடையின் பற்றுப் புத்தகம். அங்கிருந்து தொடங்கினால்தான் மாணவிக்கு ஒழுங்கான பதில் கிடைக்கும்.

முதலில் நான்கு கேள்விகள்

பணத்துக்குப் பதிலாக எது வந்தாலும் அதனிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். வகுப்பறைப் பலகையிலும் எழுதிப் போடலாம்.

1. இதை வெளியிட்டவர் யார்?
2. இது எங்கெல்லாம் செல்லும்?
3. எப்போது காலாவதியாகும்?
4. வேண்டும்போது ரொக்கமாக மாற்ற முடியுமா?

நம் கையில் இருக்கும் 10 ரிங்கிட் நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியிட்டது பேங்க் நெகாரா. பெர்லிஸ் முதல் சபா வரை செல்லும். அடுத்த மாதமும் செல்லும். அது ஏற்கெனவே ரொக்கம். நான்கு கேள்விக்கும் நல்ல பதில் இருப்பதால்தான் அதைச் சட்டப்பூர்வச் செலாவணி என்கிறோம். இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும், குறைந்த அளவுக்கு யாரோ ஒருவருக்கு நம்மீது பிடி கிடைக்கிறது. இந்தக் கட்டுரை முழுக்க அந்தப் பிடியைப் பற்றித்தான்.

ஈயச் சுரங்கத்திலும் தோட்டத்திலும்

19ஆம் நூற்றாண்டில் பேராக், சிலாங்கூர் ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் பலருக்கு மாதாமாதம் சம்பளம் கையில் வராது. முதலாளியோ, அவருக்கு முன்பணம் கொடுத்தவரோ அரிசி, எண்ணெய், புகையிலை, அபின் எல்லாவற்றையும் கணக்கில் எழுதிக் கொடுப்பார். விலை வெளிக்கடையைவிட அதிகம். ஆண்டுக்கு ஓரிரு முறைதான் கணக்குத் தீர்ப்பார்கள். அன்றைக்குத்தான் தனக்கு வர வேண்டியது எவ்வளவு, தான் தர வேண்டியது எவ்வளவு என்று தொழிலாளிக்குத் தெரியும். கூலியைப் பணமாகத் தராமல் பொருளாகவோ கணக்காகவோ தரும் இந்த வழக்கத்துக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் 'டிரக்' முறை.

இனி தோட்டத்துக்கு வருவோம். இன்று நாம் ஷா ஆலம் என்று சொல்லும் நகரம் 1978இல் சிலாங்கூரின் தலைநகரானது. அதற்கு முன் இங்கே ரப்பர், செம்பனைத் தோட்டங்கள்தாம். நகரத்துக்கு நடுவே இருந்தாலும் மிட்லண்ட்ஸ், எபோர் என்று நம்ம தமிழ்ப்பள்ளிகள் இன்னும் தோட்டப் பெயரோடு நிற்பது அதனால்தான்.

அந்தத் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆள் கொண்டுவந்தவர் கங்காணி. ஊரில் வழிச்செலவுக்குப் பணம் கொடுத்தவர் அவர். தோட்டத்தில் மேற்பார்வை செய்தவரும் அவர்தான். பல தோட்டங்களில் கடை வைத்தவரும் வட்டிக்குக் கொடுத்தவரும் அவரே. அரிசியைத் தோட்ட நிர்வாகமே கொடுத்து, செக்ரோலில் பதிந்து, சம்பளத்தில் கழித்துக்கொள்வதும் உண்டு. மற்றச் சாமான்களுக்குக் கடையில் பற்று. பற்று என்றால் கடன் கணக்கு. சம்பள நாளன்று கிராணி மேசைக்கு எதிரே வரிசையில் நின்றவர்கள், அங்கிருந்து நேரே கடைக்காரரிடம் போய்ப் பாக்கியைக் கட்ட வேண்டியிருந்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. 1920களின் பிற்பகுதியில் போக்குவரத்து வசதியுள்ள வட்டாரங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் தரக் கூலியாக வகுக்கப்பட்டன. ஓர் ஆண் மாதத்தில் 24 நாள் வேலை செய்தால் 12 வெள்ளி. கடைப் பற்று 9 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். கையில் நிற்பது 3 வெள்ளி. மழை பெய்து பால் வெட்ட முடியாத மாதத்தில் வேலை நாள் 16ஆகக் குறைந்தால் கூலி 8 வெள்ளிதான். பற்று அதே 9. இப்போது அவர் மாதம் முழுக்க உழைத்தும் ஒரு வெள்ளி கடனாளி. கடன் இருக்கும்வரை வேறு தோட்டத்துக்குப் போவது எளிதல்ல. எண்கள் என் உதாரணம்தான், ஆனால் பற்று வேலை செய்த விதம் இதுதான்.

நம் நான்கு கேள்விகளைப் பற்றுப் புத்தகத்திடம் கேளுங்கள். வெளியிட்டவர் கடைக்காரர். செல்லுமிடம் அந்த ஒரே கடை. காலாவதி இல்லை, ஏனென்றால் கடன் மட்டும் காலாவதி ஆகாது! ரொக்கமாக மாற்றவும் முடியாது.

பிற்காலத்தில் நம் அம்மாக்கள் மளிகைக் கடையில் வைத்திருந்த சின்ன '555' நோட்டு இதற்குத் தம்பி முறை. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். பக்கத்துக் கடைக்காரர் நமக்கு முதலாளி இல்லை. பிடிக்காவிட்டால் பாக்கியைக் கட்டிவிட்டு வேறு கடைக்குப் போகலாம், வேலை போகாது. கடன் கொடுப்பவரும் கூலி கொடுப்பவரும் ஒரே ஆளாகவோ ஒரே நிர்வாகமாகவோ இருக்கும்போதுதான் ஆபத்து. மாணவர்களே, இந்த வரியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனியே அடித்த காசு

மலாயாத் தோட்டங்களில் பற்று பெரிதாக இருந்தது என்றால், அக்கம்பக்கத்து நாடுகளில் கம்பெனிகள் தங்கள் சொந்தக் காசையே அடித்தன. நீரிணைக்கு அந்தப் பக்கம் சுமத்ராவின் டெலி வட்டாரத்தில், புகையிலைத் தோட்டங்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோட்டப் பெயர் பொறித்த உலோக வில்லைகளை வெளியிட்டன. இலங்கையிலும் காப்பிக் காலத்தில் வணிக நிறுவனங்களின் பெயரோடு இப்படிப்பட்ட வில்லைகள் இருந்தன. அவை இன்று நாணயம் சேகரிப்பவர்களிடம் இருக்கின்றன.

மிகத் தெளிவான உதாரணம் கொக்கோஸ் தீவுகள். இந்தியப் பெருங்கடலில் உள்ள இந்தத் தீவுகளைக் குளூனிஸ்-ராஸ் என்ற குடும்பம் தென்னந்தோட்டமாக நடத்தியது. வேலை செய்தவர்கள் மலாய் வம்சாவளியினர். குடும்பமே காசு வெளியிட்டது. முதலில் ஆட்டுத்தோல் நோட்டு, பிறகு தந்த வில்லை, அதன்பிறகு பிளாஸ்டிக் வில்லை. அந்தக் காசு குடும்பத்தின் கடையில்தான் செல்லும். தீவை விட்டுப் போக நினைப்பவருக்கு வெளியுலகில் அதனால் பயனில்லை. 1978இல் ஆஸ்திரேலிய அரசாங்கம் தீவுகளை வாங்கியது. ஷா ஆலம் தலைநகரான அதே ஆண்டு. அவ்வளவு பழைய கதை இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்களிலும் கம்பெனிச் சீட்டும் கம்பெனிக் கடையும் இருந்தன. பிரிட்டனில் இந்த வழக்கத்தை எதிர்த்து 1831இலேயே டிரக் சட்டம் வந்துவிட்டது: கூலியைக் காசாகக் கொடு, அதை எங்கே செலவழிக்க வேண்டும் என்று நிபந்தனை போடாதே. தன் நாட்டில் தடை செய்த வழக்கத்தைப் பிரிட்டன் தன் காலனிகளில் பல ஆண்டுகள் நடக்க விட்டது. தேர்வில் காலனித்துவப் பொருளாதாரம் பற்றி எழுதும்போது இந்த முரண்பாட்டைச் சுட்டிக்காட்டினால் உங்கள் வாதம் வலுப்பெறும்.

மனிதரே சீட்டான கதை: துண்டு

இலங்கைத் தோட்டங்களில் இன்னும் கொடுமையான ஒரு சீட்டு இருந்தது. அதன் பெயரே தமிழ்: துண்டு. ஒரு தொழிலாளியோ, கங்காணியின் கீழ் இருந்த கூட்டமோ தோட்டம் மாற வேண்டுமென்றால், இவர்களுக்கு இவ்வளவு கடன் உள்ளது, அதைக் கட்டுபவருக்கு விட்டுக்கொடுக்கிறோம் என்று துரை எழுதிக் கொடுப்பார். கங்காணி அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு ஆள் தேவைப்படும் தோட்டங்களுக்குப் போவார். புதுத் தோட்டம் தொகையைக் கட்டும். கடன் தீர்ந்ததா? இல்லை. பழைய தோட்டத்திலிருந்து புதுத் தோட்டத்துக்கு மாறியது, அவ்வளவுதான்.

இங்கே காகிதம் கைமாறுகிறது, அதோடு மனிதர்களும் கைமாறுகிறார்கள். 1921இல் இலங்கையில் துண்டு முறை ஒழிக்கப்பட்டது.

மலாயாவில் வேறு வழி எடுத்தார்கள். 1907இல் தமிழர் குடியேற்ற நிதி உருவானது. ஆள் தேவைப்படும் முதலாளிகள் எல்லாரும் அதற்குப் பணம் கட்ட வேண்டும், அந்த நிதியிலிருந்து கப்பல் செலவு கொடுக்கப்படும். இதனால் புதிதாக வந்தவர் பயணக் கடனோடு வேலையைத் தொடங்க வேண்டியதில்லை. இது நல்ல மாற்றம். ஆனாலும் வந்திறங்கிய பின் ஏறிய கடைக் கடனை அது தொடவில்லை.

1923 தொழிலாளர் சட்டத் தொகுப்பு நம் ஆசிரியர்களுக்கு நன்றாகத் தெரியும். பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்ற விதியை நாம் தமிழ்ப்பள்ளி வரலாற்றில் சொல்லிக் கொடுக்கிறோம். அதற்கு முந்தைய ஆண்டு, 1922இல், இந்தியாவில் குடிபெயர்வுச் சட்டம் நிறைவேறியிருந்தது. இந்திய அரசாங்கம் நெருக்கியதால்தான் மலாயாவில் தொழிலாளர் விதிகள் இறுகின. பள்ளியும் கூலியும் ஒரே போராட்டத்தின் இரண்டு பக்கங்கள்.

கிள்ளான் 1941, பிறகு வாழைமர நோட்டு

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். முன்னின்றது கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம், அதன் தலைவர்களில் ஒருவர் ஆர்.எச். நாதன். கோரிக்கைகளைப் பாருங்கள்: சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும், பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும்.

கடைசிக் கோரிக்கையை ஒழுக்கம் பற்றியது என்று மட்டும் மாணவர்கள் எழுதுகிறார்கள். அதில் பொருளாதாரமும் இருக்கிறது. தோட்டத்தில் கொடுத்த கூலி, தோட்டத்துக்குள்ளேயே இருந்த கள்ளுக்கடையில் போய்ச் சேர்ந்தது. ரொக்கமாகக் கொடுத்தாலும் அது வெளியே போகாமல் சுற்றுவதற்கு ஒரு வழி! நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். இராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் 5 பேர் உயிரிழந்தனர்.

அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் வந்தார்கள். அவர்கள் அடித்த 10 டாலர் நோட்டில் வாழைமரம் இருந்ததால் மக்கள் எல்லாவற்றையும் வாழைமர நோட்டு என்றே அழைத்தார்கள். கணக்கு வழக்கில்லாமல் அச்சடித்ததால் பின்னாளில் வந்த நோட்டுகளில் வரிசை எண்கூட இல்லை. அரிசி விலை ஏற ஏற, மக்கள் நோட்டை விட்டு அரிசிக்கும் துணிக்கும் பண்டமாற்று செய்தார்கள். 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பியதும் அந்த நோட்டு வெறும் காகிதமானது.

இதை ஏன் இங்கே சொல்கிறேன்? அரசாங்கம் வெளியிட்டதெல்லாம் நல்ல பணம், கம்பெனி வெளியிட்டதெல்லாம் கெட்ட பணம் என்று எளிதாக முடித்துவிடக் கூடாது. முதல் கேள்வி 'யார் வெளியிட்டார்' என்பது. அந்த ஆள் நாளைக்கும் இருப்பாரா, சொன்ன சொல்லைக் காப்பாற்றுவாரா என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது

இத்தனை அனுபவமும் நம் நாட்டின் 1955ஆம் ஆண்டு வேலை வாய்ப்புச் சட்டத்தில் சில பிரிவுகளாக உட்கார்ந்திருக்கிறது. படிக்க வறட்சியாக இருக்கும். ஆனால் மேலே சொன்ன வரலாற்றோடு சேர்த்துப் படியுங்கள்.

கூலியைச் சட்டப்பூர்வச் செலாவணியாகக் கொடுக்க வேண்டும் என்பது அடிப்படை. இப்போது வங்கிக் கணக்கு வழியாகக் கொடுக்கிறார்கள். கூலியை எங்கே, எப்படி, யாரிடம் செலவழிக்க வேண்டும் என்று முதலாளி நிபந்தனை போட்டால் அது செல்லாது, இது பிரிவு 26. கொடுத்த முன்பணத்துக்கு முதலாளி வட்டி பிடிக்கக் கூடாது, இது பிரிவு 27. கூலியின் பகுதியாக மதுவைக் கொடுக்கக் கூடாது, இது பிரிவு 29. வேலையிடத்தில் முதலாளி கடை வைக்கலாம், ஆனால் அங்கேதான் வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது, இது பிரிவு 30.

ஒவ்வொரு பிரிவுக்கும் பக்கத்தில் ஒரு வரலாற்றுக் காட்சியை எழுதச் சொல்லுங்கள். 26க்குக் கொக்கோஸ் வில்லை. 27க்குக் கங்காணிக் கடன். 29க்குச் சுரங்கத்து அபினையும் கள்ளுக்கடையையும் நினைக்கலாம். 30க்குத் தோட்டக் கடை. நல்ல வகுப்பறை நடவடிக்கையாக இருக்கும்.

இன்றைய பற்றுச்சீட்டும் அட்டையும்

இப்போது நம் காலம். வவுச்சரை நாம் பற்றுச்சீட்டு என்கிறோம். பழைய 'பற்று' அந்தச் சொல்லுக்குள் இன்னும் இருக்கிறது. 2012இல் ஒரே மலேசியா புத்தகப் பற்றுச்சீட்டு வந்தது, உயர்கல்வி மாணவர்களுக்கும் படிவம் ஆறு மாணவர்களுக்கும் 200 ரிங்கிட். புத்தகம் வாங்கத்தான் கொடுத்தார்கள். ஆனால் சில மாணவர்கள் அதை முகமதிப்புக்குக் குறைவாக விற்று ரொக்கமாக்கியதாக அப்போது செய்திகள் வந்தன. நம் நான்காவது கேள்வி நினைவிருக்கிறதா? ரொக்கமாக மாற்ற அனுமதி இல்லாத எதையும் மாற்றித் தர ஒருவர் வருவார், அதற்கு அவர் ஒரு பங்கு எடுத்துக்கொள்வார். 2020 ஜனவரியில் மின்பணப்பை வழியாக 30 ரிங்கிட் வந்தது. ஏறக்குறைய இரண்டு மாதத்தில் செலவழிக்க வேண்டும், இன்னொருவருக்கு அனுப்ப முடியாது.

பேரங்காடிப் பரிசு அட்டை இன்னொரு வகை. ஆசிரியர் தினத்துக்கு 50 ரிங்கிட் அட்டை கிடைத்தால் நமக்கு மகிழ்ச்சிதான். ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். அட்டையை வாங்கியவர் கடைக்குப் பணத்தை முன்கூட்டியே கொடுத்துவிட்டார். நாம் போய்ப் பொருள் எடுக்கும்வரை அந்தப் பணம் வட்டியில்லாமல் கடையிடம் இருக்கிறது. தோட்டக் கடையில் தொழிலாளி கடைக்குக் கடனாளி. பரிசு அட்டையில் கடை நமக்குக் கடனாளி! கடன் திசை மாறிவிட்டது. ஆனாலும் விதிகளை எழுதுவது கடைதான். காலாவதித் தேதி அதனுடையது. 47 ரிங்கிட்டுக்கு வாங்கினால் மிச்சம் 3 ரிங்கிட் அட்டையிலேயே தங்கும், பல நேரம் யாரும் அதைக் கேட்டுப் போவதில்லை. கடை மூடப்பட்டால் அட்டை வைத்திருப்பவர் கடன்காரர்கள் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

மின்பணப்பை நிறுவனங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. 2013 நிதிச் சேவைச் சட்டத்தின்கீழ் மின்பணம் வெளியிட பேங்க் நெகாராவின் அனுமதி வேண்டும், வாடிக்கையாளர் பணத்தைத் தனியாகப் பாதுகாக்கவும் வேண்டும். வெளியிட்டவர் சொல்லைக் காப்பாற்றுவாரா என்ற கேள்விக்குச் சட்டம் தரும் பதில் அது.

அந்த மாணவிக்கு என் பதில்

ஆக, சாரா 100 ரிங்கிட் பற்றுப் புத்தகம் மாதிரியா? வெளித்தோற்றத்தில் சில ஒற்றுமைகள் உண்டு. குறிப்பிட்ட கடைகள், குறிப்பிட்ட பொருள்கள், ரொக்கம் கிடையாது. ஆனால் வேற்றுமைகளைப் பாருங்கள். அது கடன் இல்லை. நாடு முழுக்கப் பல ஆயிரம் கடைகளில் செல்லும். யாருடைய வேலையையும் அதோடு கட்டிப் போடவில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, கூலி வேறு, கொடை வேறு. கொடுப்பவர் கொடைக்கு நிபந்தனை வைக்கலாம். நிபந்தனை நல்லதா, ரொக்கமாகவே கொடுத்திருக்கலாமா என்று நாம் விவாதிக்கலாம், விவாதிக்கவும் வேண்டும். கூலி அப்படி இல்லை. உழைத்து முடித்த நிமிடத்தில் அது உழைத்தவருக்குச் சொந்தம். அதை எங்கே செலவழிப்பது என்று கொடுப்பவர் சொல்ல ஆரம்பித்தால், அவர் பாதிக் கூலியைத் திரும்ப எடுத்துக்கொண்ட மாதிரி.

தேர்வில் இத்தலைப்பு எந்த வடிவில் வந்தாலும் ஒற்றுமையை மட்டும் அடுக்கி நிறுத்திவிடாதீர்கள். நான்கு கேள்விகளையும் வரிசையாகக் கேட்டு, பிறகு கூலியா கொடையா என்ற ஐந்தாவது கேள்வியையும் கேட்டு, உங்கள் முடிவைக் காரணத்தோடு எழுதுங்கள். உயர்நிலைச் சிந்தனைக் கேள்விக்கு எதிர்பார்ப்பது அதைத்தான்.

மாணவியிடம் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பகுதி நேரமாக வேலை செய்யும் தன் அண்ணனைப் பற்றிச் சொன்னார். அண்ணனுடைய முதலாளி கூடுதல் நேர வேலைக்குப் பணம் தராமல் தன் கடையிலேயே செலவழிக்கக் கூடிய சீட்டுத்தான் தருகிறாராம். "அப்போ அது கொடை இல்ல, கூலிதானே டீச்சர்?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். 26ஆம் பிரிவை அச்செடுத்து அண்ணனிடம் கொடுக்கச் சொன்னேன். தொழிலாளர் இலாகாவில் புகார் செய்ய வழி இருக்கிறது என்பதையும் சொன்னேன். உங்கள் வகுப்பிலும் இப்படி ஓர் அண்ணனோ அக்காவோ இருக்கலாம். பாடத்தை முடித்ததும் ஒரு தடவை கேட்டுப் பாருங்க.